எருமைக்குத் தெரியாத காவி

“அம்மை, இந்தக் காவியைக் கழற்றிடட்டுமா?”

தீட்சை வாங்கின ஒன்பதாவது நாள் காலையில் விமலானந்த சாமி இப்படிக் கேட்டார்.

அம்மை கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த மடத்துக்கே குரு அவர். வயது முப்பத்தெட்டு. கேட்டவருக்கு அறுபது. நான் இங்கே சமையல்காரன், பேர் சங்கிலி. எனக்குக் கை ஒழியாத நாளில் கீரையை அம்மைதான் ஆய்ந்து தருவார்.

“ஏன் சாமி, துணி அரிக்குதா?”

“இல்லை அம்மை. எருமைக்குப் பிடிக்கலை.”

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

விமலானந்தர் என்பது ஒன்பது நாள் பேர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் அவர் வெறும் சுருளி. ஒரு கையில் துணிமூட்டை, இன்னொரு கையில் கயிறு, கயிற்றின் அந்தப் பக்கம் ஒரு எருமை. அப்படித்தான் வந்து சேர்ந்தார். எந்த ஊர், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. இங்கே வந்தவர்களிடம் பழைய கதையைக் கேட்கக் கூடாது. அது மடத்துச் சட்டம். அம்மையே போட்டது.

அம்மைக்கும் அதுதான் சட்டம். முன்னால் அவர் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அவர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிற விதத்திலேயே எனக்கு அது தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

எட்டு வருஷமாக அந்த எருமையின் மடியில் சுருளியின் கை தவிர வேறு கை பட்டதில்லை. போன மாதம் அதன் கன்று செத்துப்போனது. அப்போதுகூடச் சுருளி உட்கார்ந்ததும் சுரப்பு விட்டது. அன்றைக்கும் எனக்குத் தயிருக்குப் பால் வந்தது.

தீட்சை அன்று தலையை மழித்துக்கொண்டு, ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டு, வெள்ளை வேட்டியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, காவி கட்டிக்கொண்டு வந்து கொட்டிலில் உட்கார்ந்தார். எருமை பாலை எக்கிக்கொண்டது. மேலே இழுத்து வைத்துக்கொண்டு ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்றது.

நான் போய்ப் பார்த்தேன். உதைத்தது. முழங்கால் இன்னும் வீக்கம்.

மாட்டு டாக்டர் இரண்டு தடவை வந்து ஊசி போட்டுப் பாலை வடித்துவிட்டுப் போனார். தினம் இந்த ஊசி ஆகாது, இப்படியே விட்டால் மடி கல்லாகிவிடும் என்றார். மடத்துக் கணக்கைப் பார்க்கிற காரியஸ்தருக்கு அது போதும். மடம் என்ன எருமைக்கு முதியோர் இல்லமா என்று கேட்டுவிட்டு, வியாழக்கிழமை மாட்டுத் தரகரை வரச் சொல்லிவிட்டார்.

பால் இறக்காத கிழட்டு எருமையை வளர்க்கவா வாங்குவார்கள்? வண்டி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சாமி செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நிற்கிறார்.

“நிறம் மாறினதும் மிரளுது அம்மை. முந்தி வெள்ளை. இப்ப இது. கொட்டிலுக்குள்ள மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கிறேன். வெளியே வந்ததும் மறுபடி இதைக் கட்டிக்கிறேன்.”

“தீட்சை என்ன சட்டையா, ஆணியில மாட்டி வைக்க?” என்றேன். என்னை யாரும் கேட்கவில்லைதான்.

“அப்ப அதை வெட்டுக்கு அனுப்பிடலாமாய்யா சங்கிலி?”

அவர் குரல் உடைந்துவிட்டது.

அம்மை தன் முந்தானையைத் தூக்கிக் காட்டினார்.

“நானும் இதைத்தானே கட்டியிருக்கேன். என் கையை நக்குதே?”

“நீங்க குரு. அதுக்குத் தெரியும்.”

அம்மை சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எருமை நிற்கிற புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சங்கிலி அண்ணே, பிளாஸ்டிக் வாளி மூணும் இருக்கா?”

“இருக்கு.”

“நல்லாத் தேய்ச்சுக் கழுவி, வெறும் வாளியா எடுத்துட்டு வாங்க.”

மூன்றும் ஒரே நாள் சந்தையில் வாங்கினது. ஒரே அளவு. சிவப்பு வாளியில்தான் எருமைக்கு மத்தியானம் கழுநீர் போகும். நீல வாளியில் குளம்பு கழுவுகிற மருந்துத் தண்ணீர். அதைக் கண்டாலே அதற்கு ஆகாது. பச்சை வாளி கக்கூஸுக்கு. அதை எருமை பார்த்ததே இல்லை.

சாம்பல் போட்டு மூன்றையும் தேய்த்தேன். அடுப்பில் உலை கொதிக்கிறது, இங்கே எருமைக்குப் பரீட்சை நடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தேய்த்தேன்.

அம்மை எருமையை அவிழ்த்துவிட்டார். நான் வேலி ஓரமாகத் தள்ளி நின்றேன்.

“நீலத்தைக் காட்டுங்க.”

காட்டினேன். எருமை இரண்டு அடி பின்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டது.

“சிவப்பு.”

காதை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. தலையை உள்ளே விட்டது. ஒன்றும் இல்லை. ஏமாற்றுக்காரன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தது.

திருப்பி ஓட்டிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டோம்.

“இப்பப் பச்சை.”

காதை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. தலையை உள்ளே விட்டது.

இன்னும் இரண்டு தடவை மாற்றி மாற்றிக் காட்டினேன். சிவப்புக்கு எப்படி வந்ததோ அப்படியே பச்சைக்கும் வந்தது. ஒரு அடிகூடத் தயங்கவில்லை. நீலத்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்னால் போனது.

“பச்சை வாளி அதுக்குப் பழக்கமா?” என்று கேட்டார் அம்மை.

“அம்மை, அது கக்கூஸ் வாளி.”

“பின்னே எதுக்கு வந்துச்சு?”

யோசித்தேன். “சிவப்புன்னு நினைச்சு வந்திருக்கு.”

“அதுக்குச் சிவப்புன்னு ஒண்ணு கிடையாது. பச்சைன்னும் கிடையாது. ரெண்டும் ஒரே மங்கல்தான். நீலம் தெரியும். மஞ்சள் தெரியும். அவ்வளவுதான் அதுக்குக் குடுத்திருக்கு. மாடு, ஆடு, குதிரை, நாய், எல்லாத்துக்கும் ஏறக்குறைய இப்படித்தான். கடல் தாண்டி எங்கேயோ மலையில மூட்டை சுமக்குற லாமான்னு ஒரு பிராணி இருக்காம். அதுக்கும் இதே கதைதான்.”

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு துடித்தது. சட்டம் இருக்கிறதே.

சாமி குனிந்து தன் துணியைப் பார்த்தார்.

“அப்ப இது அதுக்கு என்ன நிறம் அம்மை?”

“காய்ஞ்ச புல்லு நிறம்.”

சாமியின் முகம் விழுந்துவிட்டது. எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கின நிறம். எனக்கே பாவமாக இருந்தது.

“அப்ப எதைப் பார்த்துத்தான் மிரளுது?”

“தினம் திங்கிற புல்லு நிறத்தைப் பார்த்தா மிரளும்? காரணம் கண்ணு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சத்தைத் தேடுங்க” என்று சொல்லிவிட்டு அம்மை கீரைக்குத் திரும்பினார்.

சாமி தேடினார். சாயங்காலம் பார்க்கிறேன், காவித்துணியைக் கோமியத்தில் ஊறவைத்து, சாணித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டிருக்கிறார். புதுத்துணி வாசனைதான் ஆகவில்லையாம். ஈரம் காய்வதற்குள் அதையே கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை.

புதன்கிழமை மறுபடி வந்தார்.

“வாசனையும் இல்லை அம்மை.”

“எப்படித் தெரியும்?”

“மோந்து பார்த்துச்சு. நான்தான்னு தெரிஞ்சுக்கிச்சு. மொட்டைத் தலையை நக்குது. கன்னத்தை நக்குது. ஆனா மடியில கை வச்சா காலைத் தூக்குது.”

“நீங்கதான்னு தெரிஞ்சும் விடலை.”

“விடலை.”

அம்மை அவரை எதிரே உட்காரச் சொன்னார். நான் பக்கத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

“முந்தி கறக்கும்போது என்னென்ன செய்வீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.”

“கையைக் கழுவுவேன். மடியைக் கழுவுவேன். விரல்ல விளக்கெண்ணெய் தொட்டுக்குவேன். இடது பக்கமா உட்காருவேன். முதல் ரெண்டு பீச்சு தரையில விடுவேன். அப்புறம் செம்பு.”

“இப்பவும் அதையேதான் செய்றீங்க?”

“அதையேதான்.”

“வேற ஒண்ணும் இல்லை?”

“இல்லை.”

எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருஷமாக விடிகாலை அடுப்பு மூட்டும்போது கொட்டில் பக்கமிருந்து என் காதில் விழுந்த முணுமுணுப்பு பின்னே என்னவாம்?

“பேசுவாரே அம்மை” என்றேன்.

அம்மை கையைத் தூக்கினார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

சாமி காவி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

“பேசுவேன்” என்றார் கடைசியில். “பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவேன்.”

“எருமை பேரா?”

“எருமைக்குப் பேர் கிடையாது அம்மை.”

அம்மையின் உதடு திறந்தது. திரும்ப மூடிக்கொண்டது. அப்ப யாரோட பேர் என்று அடுத்துக் கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. தான் போட்ட சட்டம் தனக்கே குறுக்கே நிற்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“அந்தப் பேரை இப்ப ஏன் சொல்றதில்லை?” அதை மட்டும் கேட்டார்.

“ஆத்துல விட்டுட்டேன். விட வேண்டியதையெல்லாம் இங்கேயே விட்டுட்டு ஏறி வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. முடியை விட்டேன். வேட்டியை விட்டேன். அந்தப் பேரையும் விட்டேன். அதை விடணும்னுதான் அம்மை நான் காவியே கேட்டேன்.”

“விட்டுட்டீங்களா?”

“வாயிலேர்ந்து விட்டுட்டேன்.”

அம்மை எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் தரகர் வண்டியோடு வந்துவிட்டார்.

நல்ல மனுஷர்தான். ஒரு கட்டு புல்லும் கொண்டுவந்திருந்தார். எருமை அதில் வாய் வைக்கவில்லை. மடி விம்மிப்போய், பின்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. வலிக்கிறது என்று யார் பார்த்தாலும் தெரியும்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார் அம்மை. “கடைசியா ஒரு தடவை சாமி கறந்து பார்க்கட்டும்.”

காரியஸ்தர் கடிகாரத்தைப் பார்த்தார். தரகர் சரி என்று வாசலில் குந்தினார்.

சாமி கையைக் கழுவினார். மடியைக் கழுவினார். எண்ணெய் தொட்டுக்கொண்டு இடது பக்கமாக உட்கார்ந்தார். அம்மை எருமையின் தலைப்பக்கம் நின்றார்.

விரல் பட்டது. எருமை காலைத் தூக்கியது.

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தொட்டார். மறுபடி தூக்கியது. உதைக்கவில்லை. அவரை உதைக்க அதற்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

“நேரமாகுதே” என்றார் காரியஸ்தர்.

சாமி திரும்பி அம்மையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“அம்மை, சொன்னா காவி போயிடுமா?”

“எனக்குத் தெரியலை சாமி” என்றார் அம்மை.

இத்தனை வருஷத்தில் அம்மை வாயிலிருந்து அந்தப் பதிலை நான் கேட்டதே இல்லை.

சாமி எருமையின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முதுகு ஏறி ஏறி இறங்கியது.

“பவுனு.”

எருமையின் இடது காது திரும்பியது.

“பவுனு, காலை நகத்துத்தா. அப்பா வந்திருக்கேன்ல.”

எருமை காலை நகர்த்தி வைத்தது.

“கோவமாத்தா? பதினோரு நாளாப் பேசாமலே இருந்துட்டேனா அப்பா? இனிமே பேசுறேன். வலிக்குதா? இரு, மெதுவாத்தான். எங்க தாயில்ல.”

முதல் பீச்சு திரிதிரியாகத் தரையில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படித்தான். நான்காவது செம்பில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

சாமி நிறுத்தவில்லை. பால் இறங்க இறங்கப் பேச்சும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“மலையில மேகம் கட்டியிருக்குத்தா. சாயங்காலம் மழை வரும். அப்பா மொட்டை போட்டிருக்கேன் பார்த்தியா? நல்லாத்தான் இருக்கும்னு நீ சொல்லுவே. சங்கிலி மாமாவுக்கு முழங்கால் வீங்கிப்போச்சு. நீதான் உதைச்சியாம். மாமா பாவம்ல, அப்படிச் செய்யலாமா?”

எட்டு வருஷமாக எனக்குக் கேட்டதெல்லாம் வெறும் முணுமுணுப்பு. நான் அந்தப் பிள்ளைக்கு மாமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புகை பட்டுவிட்டது என்று பொய் சொல்ல அங்கே அடுப்பும் இல்லை.

செம்பு நிறைந்து இன்னொரு செம்பு கொண்டுவந்தேன். அதுவும் நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் தரகரைக் காணோம். புல்லுக்கட்டு மட்டும் கிடந்தது. காரியஸ்தர் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

சாமி எழுந்தார். இரண்டு செம்பையும் அம்மையின் காலடியில் வைத்தார். தோள் முடிச்சில் கையை வைத்தார்.

“இந்தப் பேரைச் சொன்னவன் இதைக் கட்டக் கூடாது அம்மை. வாங்கிக்குங்க.”

அம்மை கையை நீட்டவில்லை. நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டார். கொட்டில் தரை. காலையிலிருந்து யாரும் வழிக்காத சாணி.

“அம்மை, சாணி” என்றேன். “காவி பாழாகுது.”

“இங்க யாரு அதைப் பார்க்குறா?” என்றார் அம்மை.

எருமை மூக்கை நீட்டி அவர் தோளை மோந்தது.

“சுருளி அண்ணே” என்றார்.

சாமி முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

“உட்காருங்க. உங்க மகளைப் பத்திச் சொல்லுங்க.”

பழைய கதையைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்ட வாய் அது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

சுருளி எதிரே உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஒம்போது வயசு அம்மை. ஒரு காய்ச்சல்ல போயிட்டா. அம்மா இல்லாத பிள்ளை.”

“ம்.”

“இதைப் பெத்த எருமையும் மூணாம் நாளே செத்துப்போச்சு. இவதான் புட்டியில பால் ஊத்தி வளர்த்தா. ராத்திரி இதுகூடத்தான் படுப்பா. திட்டினாலும் கேக்க மாட்டா. இது எங்கே இருந்தாலும் அவ தூரத்துல வர்றதைப் பார்த்தாப் போதும், குதிச்சுக்கிட்டு ஓடும்.”

“பார்த்தா?”

“பார்த்தாப் போதும். கூப்பிடக்கூட வேணாம். எல்லாம் அந்தப் பாவாடையால. ஒரே ஒரு நல்ல பாவாடைதான் எடுத்துக் குடுத்திருந்தேன். தினம் அதையே கட்டுவா. துவைக்கக் கேட்டா அழுவா.”

“என்ன நிறம் அண்ணே?”

“மஞ்சள் அம்மை. நல்லா அரைச்ச மஞ்சள் மாதிரி.”

அம்மை திரும்பி எருமையின் கண்ணைப் பார்த்தார். சுருளியும் பார்த்தார்.

“மஞ்சள்னா இதுக்குத் தெரியும். அப்ப இது உங்க பிள்ளையைப் பார்த்திருக்கு அண்ணே” என்றார் அம்மை.